என் பேரு ஜெயலட்சுமி இல்லை

சர்ஜாபூர் ரோடு
20 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

தாரணி எழுதுகிறேன். பதினாலு நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. "அக்கா உன்கிட்ட பேச மாட்டாளாம். எழுதிக் குடுத்தா படிப்பியான்னு கேட்டேன். பதில் சொல்லல, அடிக்கவும் இல்ல" என்று உங்கள் தம்பி வந்து சொன்னார். அதுவே எனக்குப் பெரிய அனுமதி. தமிழில் கையால் எழுதிப் பத்து வருஷம் இருக்கும், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. நேற்று ஸ்கேன். குழந்தைக்கு விக்கல் எடுத்ததை நானே திரையில் பார்த்தேன் அண்ணி! உங்கள் தம்பி அந்த இருட்டு அறையில் நின்று விசும்பி விசும்பி அழுதார். பையனா பெண்ணா என்று டாக்டர் சொல்லமாட்டார், சட்டம். அதனால் இரண்டுக்கும் பேர் தேடுகிறேன். ஆபீஸ் புத்தி, எக்செல் போட்டுவிட்டேன். நூற்றுப் பதினாலு பேர்கள், மூன்று பத்திகள். பேர், அர்த்தம், யார் வீட்டில் கேட்டிருக்கிறேன். மூன்றாவது பத்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'மிஷ்கா' எங்கள் நீச்சல்குளத்துப் பக்கம் நான்கு இருக்கிறது. 'தனுஸ்ரீ' என்று சொன்னால் ஆபீஸில் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, நைஸ்" என்று இழுக்கிறார்கள். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வளைகாப்பில் நடந்ததற்கு வருகிறேன். "பொண்ணு பொறந்தா முத்தியாலம்மான்னுதான் வைக்கணும்" என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்திருக்கக்கூடாது. "ஐயோ அண்ணி, அது எங்க பிளாக்குக்கு வேலைக்கு வர்றவங்க பேரு" என்று என் சிநேகிதிகள் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது. வாயைக் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்.

நீங்கள் வராமல் பேர் வைப்பதாக இல்லை. குழந்தையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டியது அத்தை. அவளுக்கு இருப்பது ஒரே அத்தை. (பார்த்தீர்களா, 'அவள்' என்று எழுதிவிட்டேன்.)

அன்புடன்
தாரணி


நீலசந்திரா
27 ஜூலை 2025

தாரணி என்கிற பெண்ணுக்கு,

எழுதினால் சத்தியம் முறியுமா என்று பூசாரி கோவிந்தப்பாவிடம் கேட்டேன். "வாயாலதானே பேச மாட்டேன்னே? கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என்ன சத்தியம் என்று என் தம்பி சொல்லியிருக்க மாட்டான், பயந்தாங்கொள்ளி. உன் வீட்டு லிஃப்டில் இறங்கும்போது அவன் தலையில் கை வைத்துச் சொன்னேன். "இனிமே உன் பொண்டாட்டிகிட்ட வாயத் தெறந்து ஒரு வார்த்த பேசுனா, என் பேரு ஜெயலட்சுமி இல்லடா!" நான் சொன்னால் சொன்னதுதான்.

நீ சிரித்தது ஒரு பக்கம். அதற்கு முன்னாலேயே எனக்கு வயிறு எரிந்துவிட்டது. விடிகாலையில் எழுந்து புளியோதரை கிளறி, அண்டாவை ஆட்டோவில் ஏற்றி, வளையல் தட்டும் கையுமாக வந்தேன். உன் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தான். போனில் ஏதோ தட்டினான். உன்னைக் கேட்டுவிட்டுத்தான், "ஓகே, சர்வீஸ் லிஃப்ட்ல ஹோகம்மா" என்று கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டான். குப்பை வண்டியோடு பதினோராவது மாடிக்கு வந்தேன். வந்தால் நீ என் அம்மன் பேரைக் கேட்டுச் சிரிக்கிறாய்.

வேலைக்கு வருகிறவர்கள் பேரு என்றால் கேவலமா? எங்கள் வரிசையில் மூன்று வீட்டுப் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான். அதில் இரண்டு பேர் முத்தியாலம்மா. நான் கார்மெண்ட்ஸில் ஐம்பத்திரண்டு பேரை மேய்க்கிற லைன் சூப்பர்வைசர். அவர்களை விட நான் ஒசத்தி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆறு வருஷம் உனக்கு வயிறு திறக்கவில்லை. போன ஆடியில் எங்கள் தெரு முத்தியாலம்மா கோயிலில் கூழ் ஊற்றும்போது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டினேன். 'என் தம்பிக்கு ஒரு பொண்ணைக் கொடு, உன் பேரையே வைக்கிறேன்.' ஆறே மாதத்தில் கொடுத்தாள். இன்றைக்கும் கூழ் ஊற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன், தாளில் ஒட்டியிருப்பது கேழ்வரகு.

வருவேனா என்று கேட்கிறாய். வராமல்? என் உரிமை அது. ஆனால் காதில் நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் பேரு. உன் எக்செல்லை மடித்து வை.

ஜெயலட்சுமி

விக்கல் வந்ததை மறுபடி விவரமாக எழுது.


சர்ஜாபூர் ரோடு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வளைகாப்புப் படங்களை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முதல் வளையல் போடுகிறீர்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கழுத்தில் தாலிச் செயினுக்கு மேலே அந்த மஞ்சள் அட்டை. இருபத்தேழு படங்களிலும் இருக்கிறது. அன்று வந்த அறுபது பேரில் ஒருவர்கூட அதைக் கழற்றுங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை, நான் உட்பட.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கேட்டிலிருந்து போனுக்கு வரும். 'உதவியாள், ஒருவர், அனுமதிக்கலாமா?' என்று. சமையலுக்கு ஆள் வரச்சொல்லியிருந்தேன். கையில் மருதாணி. பார்க்காமல் மூக்கு நுனியால் அழுத்தினேன் அண்ணி, சத்தியமாக மூக்கால்தான். செக்யூரிட்டியோடு சண்டை போட்டேன். பிறகுதான் உறைத்தது, சம்மதம் என்று அழுத்தியது நான்.

விக்கல்: ஒரு நிமிஷத்துக்குப் பதினெட்டு. வயிறு தானாகத் துள்ளும். மீட்டிங்கில் என் மேனேஜர் அம்ருதா பேசும்போதுதான் வரும்.

அம்ருதா என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று தலைமுறையாக பெங்களூரு, தாத்தா பெரிய சர்க்கார் உத்தியோகம். அம்ருதாவின் மகள் பேர் ரமா. வெறும் ரமா! எல்லாரும் "வாவ், கிளாசிக்" என்கிறார்கள். அதே பேரோடு நம் பக்கத்துப் பெண் ஒருத்தி வரட்டும், ஒருவரும் வாவ் சொல்லமாட்டார்கள். அவர்கள் பழைய பேரை வைத்தால் அழகு, நாம் வைத்தால் அடையாளம். என் பெண்ணை யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் பேர் பள்ளிக்கூட லிஸ்டில் போய் உட்காரும். அங்கே அவளுக்கு மஞ்சள் அட்டை விழக்கூடாது. என் பயம் அவ்வளவுதான்.

ஒரு யோசனை. முத்தியாலம்மா என்றால் முத்துதானே? 'நித்திலா' என்றாலும் முத்துதான். அம்மனுக்கும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று. என்ன சொல்கிறீர்கள்?

தாரணி


நீலசந்திரா
17 ஆகஸ்ட் 2025

தாரணிக்கு,

நல்லா இருக்கும்மா உன் கணக்கு! அம்மனுக்கு அகராதி தெரியாது. முத்தியாலம்மா என்றால் திரும்பிப் பார்ப்பாள். நித்திலா என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள்.

மூக்கால் அழுத்தினதைப் படித்துவிட்டுச் சிரித்துத் தொலைத்தேன். லைனில் எல்லாரும் என்ன என்ன என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இப்போது ஐம்பத்திரண்டு பேருக்கும் உன் வயிறுதான் பேச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டெடுப்பு நடத்தினோம். முத்தியாலம்மாவுக்கு இருபத்தொன்பது. அவர்களில் நான் இன்சார்ஜ் என்பதற்காகப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதே. மிஷ்காவுக்கு ஒன்று. கட்டிங் செக்‌ஷன் கேசவ் போட்டான், அவன் அதை பிஸ்கட் என்று நினைத்திருக்கிறான்.

இத்தோடு ஆறு குட்டிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணி, ரொம்ப மெத்து. தையல் உள்பக்கம் குழந்தையைக் குத்தாமல் மடித்திருக்கிறேன், தடவிப் பார். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது. தைத்து முடித்து மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன், எனக்கு என்னமோ ஆகிவிட்டது போ.

அதற்காக இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. காது என்னுடையது.

ஜெயலட்சுமி


சர்ஜாபூர் ரோடு
24 ஆகஸ்ட் 2025

அண்ணி,

சட்டைகளை வயிற்றின் மேல் அடுக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்றை உதைத்துத் தள்ளிவிட்டாள்.

ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் தம்பிக்கே தெரியாது. இந்தத் தாளை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

என் பேர் தாரணி இல்லை. பத்தாவது பரீட்சைக்குப் பேர் அனுப்பும்போது ஹெட்மாஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மாற்றிக்கொண்டது. அதற்கு முன்னால் என் பேர் குப்பம்மாள்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் போளூரில் எங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் முறத்தோடு கிடத்தி, பக்கத்து வீட்டு அம்மா எடுத்துக்கொள்ள, அவரிடமிருந்து தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, அந்தப் பேரை வைத்தார்கள். எமன் அருவருத்துத் திரும்பிப் போகட்டும் என்று. எமன் போய்விட்டான். வகுப்பில் இருந்த நாற்பது பேர் போகவில்லை. தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'க' வரிசை நெருங்க நெருங்க பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிடுவேன். டீச்சரே சிரித்துக்கொண்டுதான் படிப்பார். குப்பைக்கூடையைத் தூக்கி என் பெஞ்சில் வைத்து, "உங்க வீடு" என்பார்கள்.

அம்மாவிடம் ஒருநாள் கத்தினேன். "உசுரு இருக்குதில்ல? அப்புறம் என்னடி?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அவள் என்மேல் வைத்த ஆசைதான் அந்தப் பேர். ஆனால் வேண்டிக்கொண்டது அவள், சுமந்தது நான்.

அன்று நான் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை அண்ணி. பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தாரணி


நீலசந்திரா
31 ஆகஸ்ட் 2025

தாரணிக்கு,

படித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அந்த டீச்சர் இன்னும் உயிரோடு இருந்தால் விலாசம் கொடு.

யாரிடமும் சொல்லமாட்டேன். தாளைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்துவிட்டேன்.

ஆனால் நான் என்ன செய்யட்டும்? அம்மனிடம் வாக்குக் கொடுத்தவள் நான். கேட்டதைக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னால் தாங்கமுடியாதே. உனக்கு பள்ளிக்கூட பயம், எனக்குக் கோயில் பயம். நடுவில் அது பாட்டுக்கு விக்கிக்கொண்டிருக்கிறது.

தினமும் கோயில் வரைக்கும் போகிறேன். உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறேன். நன்றாகச் சாப்பிடு.

ஜெயலட்சுமி


ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
16 செப்டம்பர் 2025

அண்ணி,

நீங்கள் ஆறடி தள்ளி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதை உங்கள் தம்பி கொண்டுவந்து தருவார்.

சனிக்கிழமையிலிருந்து இங்கேயே இருக்கிறீர்கள். பிளாஸ்கில் வெந்நீர் நீட்டினீர்கள், வாயைத் திறக்கவில்லை. என் தலையை வாரிப் பின்னினீர்கள், வாயைத் திறக்கவில்லை. "பாவ, அவ்ரிகெ மாத்து பரல்வா?" என்று நர்ஸ் என்னிடம் கன்னடத்தில் கேட்டாள். ஆமாம், பேச்சு வராது என்றேன். வேறு என்ன சொல்வது!

பெண் அண்ணி. நீங்கள் கேட்ட மாதிரியே பெண். மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள், மூன்று கிலோவுக்குத் தொள்ளாயிரம் கிராம்தான் குறைவு. இப்படிச் சொன்னால் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று உங்கள் தம்பி இப்படித்தான் எல்லாருக்கும் சொல்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் மஞ்சள் சட்டையோடு படுத்திருக்கிறாள். மூச்சு சீராகவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர்.

நேற்று அம்மா என் காதோடு சொன்னாள். "ஏதாச்சும் கண்றாவியா ஒரு பேரு வச்சிடுடி. உசுரு தங்கும்." எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எக்செல்லை அழித்துவிட்டேன், நூற்றுப் பதினாலும் போயிற்று.

முத்தியாலம்மா என்றே வையுங்கள். நான் சிரித்ததற்குத்தான் அம்மன் இப்படிக் காட்டுகிறாளோ என்னவோ. பள்ளிக்கூடம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்கு அவள் வேண்டும். இன்றைக்கே போய் அம்மனிடம் சொல்லிவிடுங்கள் அண்ணி.

தாரணி


நீலசந்திரா
18 செப்டம்பர் 2025, காலை

என் கண்ணு தாரணிக்கு,

நீ கேட்டபடி கோயிலுக்குப் போனேன். நீ சொன்னதை அம்மனிடம் சொல்லவில்லை.

நான் அந்தப் பேரைக் கேட்டது சந்தோஷத்தில். கூழ்க் கரண்டியோடு, சிரித்துக்கொண்டு கேட்டது. நீ அதைப் பயந்து கொடுக்கிறாய். உங்கள் அம்மா பயந்து வைத்த பேரைப் பதினைந்து வருஷம் சுமந்தவள் நீ. அதையே திருப்பி என் மருமகளுக்கு வைப்பாயா? எனக்கு வேண்டாம் போ.

கோவிந்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பழைய பேரைத் தவிர. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போடச் சொன்னேன். 'தாயே, வாக்குக் கொடுத்தது என் நாக்கு. உன் பேரை யாராவது ஒருத்தி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே? நான் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையை விட்டுவிடு. சம்மதம் என்றால் வெள்ளை கொடு.' எடுத்தால் சிவப்பு. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். மறுபடியும் சிவப்பு. எனக்கு வந்ததே கோபம்! "ஆறு வருஷம் காக்க வச்சது நீ! இப்ப பெட்டிக்குள்ள போட்டு வேடிக்கை காட்டுறதும் நீ! நாப்பத்தாறு வயசுல பேரு மாத்திக்கிறேங்கிறேன், இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்று கத்திவிட்டேன். கோயிலில் இருந்தவர்கள் நகர்ந்து நின்றார்கள். மூன்றாவது தடவை வெள்ளை. கோவிந்தப்பா, "முதல் ரெண்டு கணக்கில்ல, பொட்டலம் சரியா கட்டல" என்று சொல்லிவிட்டார். மகராசன்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை அடித்து, என் காதிலேயே அவர் மூன்று தடவை சொன்னார். இன்று காலை ஆறரை மணியிலிருந்து நான் முத்தியாலம்மா. கார்மெண்ட்ஸிலும் சொல்லியாயிற்று. லைனில் ஒரு பெண் சிரித்தாள். முறைத்தேன், நிறுத்திக்கொண்டாள். எனக்கு முறைக்கத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாதே.

இப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உன்னிடம் பேசினால் என் பேரு ஜெயலட்சுமி இல்லை என்றுதானே சத்தியம் செய்தேன்? இல்லைதான்! சத்தியமும் நின்றது, அம்மன் வாக்கும் நின்றது. எழுபத்து நாலு நாள் பேச்சு தொண்டையில் சேர்ந்து கிடக்கிறது. இதைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அந்த நர்ஸைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்.

நீ ஆசைப்பட்டு ஒரு பேரு எடுத்து வை. மிஷ்கா என்றாலும் சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

முத்தியாலம்மா


சர்ஜாபூர் ரோடு
5 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரே வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னோடு இருந்துவிட்டு இப்போதுதான் கிளம்பிப் போனீர்கள். பிறகு எதற்குக் கடிதம் என்பீர்கள். ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தவர் இன்னும் மூடவில்லை. பெட்டியிலிருந்து குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்த நிமிஷத்தில்கூட நீங்கள்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல இடம் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள். நீங்கள் போனதும் கதவுப் பக்கம் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். பால் குடித்ததும் விக்கல்.

கேட் போனில் உங்களைப் பதிவு செய்துவிட்டேன். 'முத்தியாலம்மா. குடும்பம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.' இனி செக்யூரிட்டி என்னைக் கேட்க மாட்டான், அட்டையும் மாட்ட மாட்டான். நீங்கள் உள்ளே வந்ததும் அந்தப் பேர் மட்டும் என் திரையில் வரும். போன வாரம் அம்ருதா குழந்தையைப் பார்க்க வந்திருந்தபோது, மேஜைமேல் இருந்த போனில் வந்தது. அவர் பார்த்துவிட்டு யார் என்று கேட்டார். என் நாத்தனார் என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணி, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி பேர் வைக்கிறோம். ஆசைப்பட்டு ஒரு பேர் எடுத்து வைக்கச் சொன்னீர்கள். பத்து நாளாகப் புது எக்செல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்றுத்தான் ஒரே ஒரு வரி தட்டினேன். 'யார் வீட்டில் கேட்டிருக்கிறேன்' என்ற பத்தியில் 'எங்கள் வீட்டில்' என்று போட்டேன். இந்தப் பேருக்கு வாவ் வருமா, இழுப்பு வருமா என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்க்கவும் இல்லை.

நீங்கள் கழற்றி வைத்த பேர் சும்மாதானே கிடக்கிறது? அதை என் பெண்ணுக்குக் கொடுங்கள். அன்றைக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு, காதில் மூன்று தடவை 'ஜெயலட்சுமி' என்று சொல்லுங்கள். மாட்டேன் என்று நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுகிறேன்.

இன்னொன்று. உங்கள் பேரைச் சொல்லி ஒரு அதட்டுப் போடவேண்டும் என்று ஆறு வருஷமாக எனக்கு ஆசை, மரியாதைக்கு அடங்கிக் கிடந்தேன். இனிமேல் இந்த வீட்டில் நாள் பூராவும், "ஏய் ஜெயலட்சுமி, பாலைக் குடிடி! ஜெயலட்சுமி, தூங்குடி!" என்று கத்துவேன். நீங்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது.

உங்கள்
தாரணி